நூற்று எண்பத்து நான்கு காலிக் கட்டங்கள்

— பதினெட்டாயிரத்து நானூறு, டீச்சர். இதுல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா அடுத்த மாசத்துலேந்து சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க.

— மெதுவா பேசுங்க மேடம். இப்பதான் ஆறு பேர் கண் அசந்திருக்காங்க.

— பதினெட்டாயிரத்து நானூறு.

— மெதுவா சொன்னாலும் அதே தொகைதானா? ஏதோ கொஞ்சம் குறையும்னு பாத்தேன்.

— நான் விளையாட வரல டீச்சர். ஆடிட்டுக்கு வந்திருக்கேன். காலைலேந்து இது ரெண்டாவது சென்டர், இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. எங்க உக்காரட்டும்?

— அந்தக் குட்டி நாற்காலி இருக்கு. இல்லன்னா பாய். எங்ககிட்ட பெரியவங்க உக்கார்ற மாதிரி ஒண்ணும் இல்ல.

— யாருக்கு டீச்சர் அபராதம்? எனக்கும் அதுல பங்கு உண்டா?

— ஆயா, நீங்க பாட்டில கழுவுங்க.

— கழுவிக்கிட்டேதான் கேக்கறேன். கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே கிடக்கு. இந்தாங்க ஆபீசரம்மா, அந்தத் தாள இப்படிக் காட்டுங்க. கைக்...குழந்தைகள் காப்...பகம். வளர்ச்சிப் பதி...வேடு. நிரப்...பப்படாத கட்டங்கள், நூற்று எண்பத்து நான்கு. ஒரு கட்டத்துக்கு அப...ராதம் நூறு. அடேயப்பா! வெறும் கட்டத்துக்கே இந்த விலையா?

— பரவாயில்லையே ஆயா, நல்லா படிக்கறீங்க.

— நாப்பத்தாறு வயசுல கத்துக்கிட்டதும்மா. சிமெண்டுச் சட்டி தூக்கின காலம் பூரா, எந்த பஸ்சுன்னு நாலு பேர கேட்டுத்தான் ஏறுவேன். ஒருத்தன் வேணும்னே தப்பா ஏத்திவிட்டு சிரிச்சான். இப்ப மாத்திரை அட்டையக்கூட விடறதில்ல, படிச்சிட்டுத்தான் முழுங்குவேன். எழுத்து தெரியாதவன்னு என்ன இனிமே ஒருத்தர் சொல்லிட முடியாது. ஆமா பின்ன.

— சரி. டீச்சர், விஷயத்துக்கு வருவோம். உங்க பதிவேட்ட நான் புரட்டிப் பாத்தேன். எடை எழுதியிருக்கீங்க. பல்லு முளைச்சத எழுதியிருக்கீங்க. எவ்வளவு பால் குடிச்சது, எத்தன தடவை துணி மாத்தினது, எல்லாம் மணி நேரத்தோட இருக்கு. ஆனா "முதல் அடி: நாள், நேரம், பார்த்தவர் கையெழுத்து"ன்னு ஒரு கட்டம். அது மட்டும் காலி. வருஷத்துக்கு இருபத்திமூணு குழந்தை, எட்டு வருஷம். ஒண்ணுகூட எழுதல. எப்படி?

— அப்படித்தான்.

— நீங்க கவனிக்கலயா?

— நான் பாக்காம இந்த ரூம்ல ஒரு குழந்தை எழுந்து நடந்ததில்ல மேடம்.

— அப்ப மறந்துட்டீங்க.

— நூத்தி எண்பத்திநாலு தடவை யாராவது மறப்பாங்களா? வேணும்னேதான் எழுதல. எழுதிக்கோங்க.

— எழுதிக்கோங்கன்னா?

— கைல பேனா இருக்குல்ல. "வேணும்னேதான் எழுதல"ன்னு எழுதிக்கோங்க.

— டீச்சர், நான் உங்களுக்கு எதிரி இல்ல. இங்க பாருங்க, இது இன்னொரு சென்டரோட பதிவேடு. எங்க பார்வைல இருக்கற இருபத்திரண்டு சென்டர்ல இதுதான் முதலாவது. மத்தவங்களுக்குக் காட்டச் சொல்லி எங்ககிட்ட குடுத்தனுப்பறாங்க. ஒரு கட்டம்கூட விடல, பாருங்க. அடித்தல் திருத்தல் இல்ல.

— கையெழுத்து முத்து முத்தா இருக்கு.

— குடுங்க டீச்சர், நானும் பாக்கறேன்.

— ஆயா, கைய துடைச்சிட்டு வாங்குங்க. ஈரம் பட்டுடும்.

— துடைச்சாச்சு, துடைச்சாச்சு. மா...திரிப் பதி...வேடு. அட, தங்க எழுத்துல போட்டிருக்கானே.

— என் பொண்ணும் அங்கதான் இருக்கா. அதனாலதான் கொஞ்சம் பெருமையா சொல்றேன். ஒம்பதாம் நம்பர். பை, பாட்டில், துண்டு எல்லாத்துலயும் ஒம்பது. ஒண்ணரை வயசு ஆகுது.

— அவளோட வரிசைய பாத்தீங்களா மேடம்?

— எங்க பாக்கறது? கட்டம் நிரம்பியிருக்கான்னு எண்ணுவேன், அவ்வளவுதான். உள்ள எழுதியிருக்கறத வாசிக்க ஆரம்பிச்சா ஒரு நாளைக்கு மூணு சென்டர் முடிக்க முடியுமா? அதுவும் இல்லாம, என் பொண்ணு எப்ப நடந்தான்னு ஒரு பதிவேடு பாத்தா நான் தெரிஞ்சுக்கணும்? என் கண் முன்னாடிதான் நடந்தா. ஆபீஸ்லேந்து வந்து பைய கீழகூட வைக்கல. கட்டில் ஓரத்த விட்டா. இடது கால். இடது கால்தான் மொதல்ல வெச்சா. அவ அப்பாகூட பாக்கல. நான் மட்டும்தான் பாத்தேன்.

— அழகா சொல்றீங்க.

— வருஷம் பூரா ஊர் சுத்தற வேலை எனக்கு. அவ ஜுரத்த நான் பாக்கல, மொத பல்ல நான் பாக்கல. அது ஒண்ணுதான் எனக்குன்னு கிடைச்சது. சரி விடுங்க, அது வேற, இது வேற. உங்களுக்கு ரெண்டு வழி சொல்றேன். ஒண்ணு, பணத்த கட்டுங்க. இல்லன்னா இப்பவே உக்காந்து ஞாபகத்துல இருக்கற தேதிய நிரப்புங்க. நான் ஒரு மணி நேரம் பல்லக் கடிச்சிட்டு இருக்கேன். இந்த மாசக் கடைசில பதிவேட்ட நகல் எடுத்து எல்லாப் பெத்தவங்களுக்கும் குடுக்கப் போறாங்க. அதனாலதான் இந்த அவசரம்.

— நகல் பெத்தவங்களுக்குப் போகுதா?

— ஆமா. புது உத்தரவு. பழைய குழந்தைங்க வீட்டுக்கும் தபால்ல போகும்.

— அப்ப கட்டாயம் எழுத மாட்டேன்.

— டீச்சர்!

— பணமும் கட்ட மாட்டேன். வேலைய ஒழுங்கா செஞ்சதுக்கு நான் எதுக்கு அபராதம் கட்டணும்?

— ரெண்டுக்கும் மாட்டேன்னா என்ன ஆகும்னு அந்தத் தாளோட பின்பக்கம் போட்டிருக்கு. நாளைலேந்து இந்த ரூம்ல நீங்க இருக்க முடியாது. ஸ்டோர்ல போட்டுடுவாங்க. சோப்பும் பவுடர் டப்பாவும் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கணும். இருபது வருஷமா பிள்ளைங்களோட இருந்துட்டு, உங்களால அது முடியுமா?

— முடியாது. செத்துப் போயிடுவேன்.

— அப்புறம் என்ன? இந்தாங்க பேனா.

— பேனா உங்ககிட்டயே இருக்கட்டும்.

— டீச்சர் ஒரு முடிவெடுத்தா எடுத்ததுதாம்மா. உங்க ஆபீஸ் பெரிய ஐயா ஒரு தடவை குழந்தைங்கள வரிசையா உக்கார வெச்சு பாட்டுச் சொல்லித் தரணும்னு வந்து நின்னாரு. எட்டு மாசக் குழந்தைய உக்கார வெச்சுக் காட்டுங்கன்னு அவர் மடிலயே தூக்கிக் குடுத்தாங்க. வேட்டி நனைஞ்சதுதான் மிச்சம், அன்னைக்குப் போனவர்தான்.

— ஆயா!

— சரி, நான் பேசல. படிச்சிட்டிருக்கேன். தடுப்...பூசி. எடை. இந்தப் புள்ள என்ன, என் எடைல பாதி இருக்கும் போல.

— காரணமாவது சொல்லுங்க டீச்சர். இருபதாயிரத்துக்கு உள்ள இருந்தா தள்ளுபடி பண்ற அதிகாரம் எனக்கு இருக்கு. ஆனா "காரணம்"னு ஒரு கட்டம் இருக்கு. ரூல்னா ரூல். அதுல நான் ஏதாவது எழுதணும்ல?

— சொல்றேன். ஆனா எழுதிக்கக் கூடாது.

— மத்ததுக்கெல்லாம் எழுதிக்கோங்கன்னீங்க.

— இத எழுதக் கூடாது. பேனாவ மூடுங்க. நான் வேலைக்குச் சேந்த மொத வருஷம். எனக்கு இருபத்திமூணு வயசு. பின்னாடி இருக்கற தையல் கம்பெனில ஒரு அம்மா, கைக்குழந்தைய இங்க விட்டுட்டுப் போவாங்க. பத்து மணி நேரம் நின்னே வேலை. ஒரு நாள் அந்தப் பையன் அந்த ஜன்னலுக்குக் கீழ எழுந்து ரெண்டடி வெச்சான். எனக்கு சந்தோஷம் தாங்கல. சாயங்காலம் அவங்க வாசல்ல வந்து நின்னதுமே கத்தினேன், "உங்க புள்ள இன்னைக்கு நடந்துட்டான்!"னு. ஏதோ பரிசு குடுக்கற மாதிரி.

— சந்தோஷப்பட்டிருப்பாங்க.

— சிரிச்சாங்க. குழந்தைய வாங்கிட்டுப் போனாங்க. மறுநாள் காலைல வந்து, செருப்பக்கூட கழட்டாம ஒண்ணு கேட்டாங்க. "வலது காலா, இடது காலா டீச்சர்?"னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— எனக்கு ஞாபகம் இல்ல மேடம். நான் கவனிக்கல. "நீங்க பாத்தீங்களே, உங்களுக்குமா தெரியாது?"ன்னு கேட்டாங்க. கோபமா கேக்கல. கோபமா கேட்டிருந்தா நான் பொழைச்சிருப்பேன். தொலைச்ச பொருள கடைல விசாரிக்கற மாதிரி கேட்டாங்க. அப்புறம் மணி அடிச்சிடுச்சு, ஓடிட்டாங்க.

— ம்.

— அன்னைலேந்து இந்த ரூம்ல ஒரு குழந்தையும் நடக்கல. இங்க தவழும், உருளும், பிடிச்சிட்டு நிக்கும். நடக்கறது அவங்கவங்க வீட்டுல. அத மொதல்ல பாக்கறது பெத்தவங்க.

— ஆனா நிஜத்துல...

— நிஜம் எனக்கும் ஆயாவுக்கும் தெரியும். அது போதும்.

— அப்ப ஒண்ணு பண்ணுங்க. பெத்தவங்க பாத்த தேதிய கேட்டு, அதையே எழுதிடுங்க. வேலை முடிஞ்சுது.

— "பார்த்தவர் கையெழுத்து"ன்னு போட்டிருக்கே. பொய்க்கு நான் கையெழுத்து போட மாட்டேன். உண்மைய எழுதி ஒரு தாயோட கைல குடுக்கவும் மாட்டேன். ரெண்டும் இல்லாததுதான் காலிக் கட்டம்.

— இதுவும் ஒரு வகைல பொய்தானே டீச்சர்?

— யார்கிட்ட நான் பொய் சொன்னேன்? சொல்லாம விட்டேன், அவ்வளவுதான்.

— உங்களுக்கு சாமர்த்தியமா பேச வருது. ஆனா இது... அய்யோ! டீச்சர்! அங்க பாருங்க, அந்தக் குழந்தை! பிடிய விட்டுடுச்சு!

— நம்ம மேஸ்திரி! ஒரு வாரமா சுவத்தையே தட்டித் தட்டிப் பாத்துட்டு இருந்தான். எனக்கு அப்பவே தெரியும்.

— ஆயா, கிட்ட போகாதீங்க. விடுங்க. வா ராஜா. வா.

— ஒண்ணு... ரெண்டு... நடக்கறான்! இருங்க, என் போன் எங்க, வீடியோ எடுத்துடறேன்...

— போன உள்ள வைங்க மேடம்.

— அந்த அம்மாவுக்கு அனுப்பலாமே! எவ்வளவு சந்தோஷமா...

— உள்ள வைங்கன்னேன்!

— வெச்சுட்டேன். வெச்சுட்டேன் டீச்சர்.

— மூணு. நாலு. பொத்துன்னு உக்காந்துட்டான், பாருங்க! அட என் கொத்தனாரே. கட்டின சுவரு நின்னுடுச்சுடா!

— சத்தம் போடாதீங்க ஆயா. மணி பதினொண்ணு. இவன் அம்மா பால் குடுக்க வர்ற நேரம். இஸ்திரி போடற இடத்துல பத்து நிமிஷம்தான் விடுவாங்க. மேடம், உங்கள ஒண்ணு கேட்டுக்கறேன். முகத்த சாதாரணமா வெச்சுக்கோங்க.

— நான் என்ன சொல்லப் போறேன்?

— வாயால சொல்ல மாட்டீங்க. கண்ணு சொல்லுது. அந்தத் தாள எடுத்துப் படிக்கற மாதிரி இருங்க. இதோ வந்துட்டாங்க. வாங்கம்மா, இன்னைக்குச் சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க.

— ஓடி வந்தேன் டீச்சர். என்ன பண்றான் என் சிங்கம்? படுத்தறானா?

— சுவத்தப் பிடிச்சிட்டு நின்னுட்டு இருந்தான். வேற என்ன. உக்காருங்க, பால் குடுங்க.

— யாரு டீச்சர் இவங்க?

— ஆபீஸ்லேந்து வந்திருக்காங்க. கணக்குப் பாக்க. அம்மா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. இன்னைக்கு சாயங்காலம் நேரா வீட்டுக்குப் போங்க. வழில கடைல நிக்காதீங்க. வாசல்ல கிடக்கற செருப்பெல்லாம் ஒதுக்கி வைங்க, நாற்காலிய ஓரமா தள்ளுங்க. இவன கட்டிலப் பிடிச்சிட்டு நிக்க வெச்சு, நீங்க எதிர்ல உக்காந்து ரெண்டு கையும் நீட்டுங்க.

— ஏன் டீச்சர்? நடக்கப் போறானா?

— இன்னைக்கோ நாளைக்கோ. அவன் கால் முறுக்கப் பாத்தா எனக்கு அப்படித் தோணுது.

— நிஜமாவா? அய்யோ. சாயங்காலம் அதிகப்படி வேலை இருக்குன்னு சொன்னாங்களே...

— முடியாதுன்னு சொல்லிடுங்க. ஒரு நாள் இஸ்திரி போடலன்னா யார் சட்டையும் அழுதிடாது.

— சொல்லிடறேன் டீச்சர். வேலையே போனாலும் சொல்லிடறேன். மணி அடிக்கப் போகுது, நான் வரேன். டேய், அம்மா வர்ற வரைக்கும் இருடா. இங்கேயே நடந்துடாதடா!

— போயிட்டாங்க. ஆயா, இவன் வாயத் துடைங்க. மேடம், நான் சொன்னதுல எது பொய்? இன்னைக்கோ நாளைக்கோ நடப்பான்னு சொன்னேன். நடப்பானா, மாட்டானா?

— செருப்ப ஒதுக்கி வைங்கன்னு சொன்னீங்க.

— எல்லார்கிட்டயும் சொல்றதுதான்.

— நாற்காலிய ஓரமா தள்ளுங்க. எதிர்ல உக்காந்து கைய நீட்டுங்க.

— ஆமா.

— எனக்கும் சொன்னாங்க. என் பொண்ணு இருக்கற சென்டர்ல, வாசல்ல வெச்சு. ஒரு வியாழக்கிழமை. "கடைக்குப் போகாதீங்கம்மா, நேரா வீட்டுக்குப் போங்க"ன்னு. எனக்கு அன்னைக்குக் கடைல வேலை இருந்துச்சு. போகல. வீட்டுக்குப் போய் அவள கட்டில் கிட்ட நிக்க வெச்சேன்.

— நல்லது பண்ணீங்க.

— டீச்சர், அந்த டீச்சரும்...

— நான் அந்த ரூம்ல இல்ல மேடம். எனக்கு எப்படித் தெரியும்?

— ஆனா உங்களுக்குத் தெரியும். உங்க வேலைல இருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். அப்படித்தானே? வாசல்ல அத சொல்லிட்டு, உள்ள போய், ரூலுக்குப் பயந்து அந்தக் கட்டத்த... எங்க அந்தப் பதிவேடு?

— வேணாம் மேடம்.

— எங்க அது?

— என் கைலதாம்மா இருக்கு.

— குடுங்க. இல்ல, குடுக்காதீங்க. எனக்குப் பாக்க தைரியம் இல்ல. நீங்களே பாருங்க ஆயா. ஒம்பதாவது வரிசை. "முதல் அடி." அதுல என்ன கிழமை போட்டிருக்குன்னு மட்டும் படிங்க.

— மேடம், நான் கெஞ்சிக் கேக்கறேன். எனக்காக இதுவரைக்கும் கெஞ்சல. ஸ்டோருக்கு வேணும்னா போறேன். பணம் பிடிச்சுக்கோங்க. அத மட்டும் கேக்காதீங்க.

— நீங்க சும்மா இருங்க டீச்சர். ஆயா, படிங்க.

— ஒம்பதாம்மா?

— ஒம்பது.

— இருங்க, விரல வெச்சாத்தான் எனக்கு வரும். ஏழு... எட்டு... ஒம்பது. முதல்... அடி...

— ம். சொல்லுங்க.

— ...

— ஆயா?

— பிடிபடலம்மா.

— என்ன பிடிபடல?

— இந்த எழுத்து. எனக்குத்தான் எழுத்து தெரியாதே.

— இப்ப என் தாள வரி விடாம படிச்சீங்களே!

— அது குத்துமதிப்பா அடிச்சு விட்டதும்மா. பெருமைக்கு. சிமெண்டுச் சட்டி தூக்கினவ நான். எனக்கு எங்கேந்து எழுத்து வரும்? இப்பவும் யாரையாவது கேட்டுத்தான் பஸ் ஏறறேன். எழுத்து தெரியாதவம்மா நான். சுத்தமா தெரியாது. ஆமா பின்ன.

— சரி ஆயா. மூடி வைங்க.

— மூடிட்டேன்மா.

— மேடம், தண்ணி குடிக்கறீங்களா?

— வேணாம். இடது கால்தான் டீச்சர். கட்டில் ஓரத்துலேந்து. நான்தான் மொதல்ல பாத்தேன்.

— நீங்கதான் மொதல்ல பாத்தீங்க.

— அந்த மூடின பேனாவ எடுங்க.

— நான் கையெழுத்து போட மாட்டேன். முன்னாடியே சொல்லிட்டேன்.

— நீங்க போட வேணாம். எனக்குத்தான்.

— என்ன எழுதறீங்க?

— என் வேலைய.

— அடுத்த வருஷமும் இருபத்திமூணு கட்டம் காலியாத்தான் இருக்கும். இப்பவே தெரிஞ்சுக்கோங்க.

— தெரியும். ஆடிட்டுக்கு நான்தான் வருவேன். அந்த நகல் விஷயத்தையும் ஆபீஸ்ல பேசிக்கறேன். ஒருத்தராவது மேஜைல தட்டிப் பேசணும்ல. நான் கிளம்பறேன். மூணாவது சென்டர நாளைக்குப் பாத்துக்கலாம். எனக்கு இப்ப என் பொண்ண பாக்கணும்.

— அங்க அந்த டீச்சரப் பாத்தா ஒண்ணும் கேக்காதீங்க.

— கேக்க மாட்டேன். கும்பிட்டுட்டு வந்துடுவேன். ஆயா, இந்தத் தாள கொண்டுபோய் வாசல்ல இருக்கற ஆபீஸ் பெட்டில போட்டுடுங்க.

— குடுங்கம்மா. பதி...னெட்டாயிரத்து நானூறு. முழுத் தொகையும் தள்...ளுபடி. அடேயப்பா! காரணம்... அம்மா, காரணத்துக்கு நேரா இருக்கற கட்டத்த காலியா விட்டுட்டீங்களே!

— உங்களுக்குத்தான் எழுத்து தெரியாதே, ஆயா.